வீட்டை ரெனோவேட் பண்ணா விலை எவ்வளவு ஏறும்? விக்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

பழைய வீட்டை விக்கணும்னு முடிவு பண்ண உடனே நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற முதல் யோசனை, "கொஞ்சம் செலவு பண்ணி பளபளன்னு ஆக்கிடுங்க, நல்ல விலைக்குப் போகும்". சரி, எவ்வளவு செலவு பண்ணா எவ்வளவு விலை ஏறும்னு கேட்டா யார்கிட்டயும் நம்பர் இருக்காது. 9 லட்சம் போட்டா 9 லட்சமாவது ஏறாதா, மேல ஒரு 5 லட்சம் லாபம் வராதான்னு மனசுல ஒரு கணக்கு ஓடும், அதை நம்பி மேஸ்திரிக்கு அட்வான்ஸும் குடுத்துடுவோம். இந்தக் கணக்கை எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சென்னையை வெச்சு முழுசா சொல்றேன். மத்த ஊர்லயும் முறை இதேதான், நம்பர் மட்டும் மாறும்.

முதல்ல மண்டையில ஏத்திக்க வேண்டியது, வாங்க வர்றவர் உங்க செலவுக்குக் காசு குடுக்க மாட்டார். நீங்க கிச்சனுக்கு 3 லட்சம் போட்டீங்களா 5 லட்சம் போட்டீங்களான்னு அவருக்குத் தெரியாது, பில்லைக் காட்டினாலும் "சரி சார்"னு சொல்லிட்டு அடுத்த ரூமைப் பார்க்கப் போயிடுவார். அவர் கையில ஏற்கனவே நாலு வீட்டோட விலை இருக்கும், இதே ஏரியாவுல, இதே சைஸ்ல, இதே வயசுல, சரி பண்ண வீடு எவ்வளவுக்குக் கிடைக்குதுன்னு அவருக்குத் தெரியும். அதான் உங்க வீட்டோட உச்ச விலை. அதுக்கு மேல நீங்க இத்தாலியன் மார்பிளே போட்டாலும் நகராது. அதனால செலவுல இருந்து விலையைப் பிடிக்காம, வேலை முடிஞ்சப்புறம் வீடு எவ்வளவுக்குப் போகும்னு முதல்ல கண்டுபிடிச்சு, அங்க இருந்து பின்னாடி வந்து செலவை முடிவு பண்ணணும். அமெரிக்காவுல பழைய வீடு வாங்கி சரி பண்ணி விக்கறவங்க இந்த விலையை ஆஃப்டர் ரிப்பேர் வேல்யூ, சுருக்கமா ஏஆர்வின்னு சொல்வாங்க. நம்ம ஊர் புரோக்கர் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார், ஆனா "வேலை பார்த்துக் குடுத்தீங்கன்னா இவ்வளவு வரைக்கும் கேக்கலாம்"னு அவர் சொல்றது அதைத்தான்.

இப்ப தனி வீட்டையும் பிளாட்டையும் பிரிச்சுப் பார்க்கணும், ரெண்டுலயும் கணக்கு வேற வேற.

தனி வீட்டுல விலைங்கறது மனையும் கட்டடமும் சேர்ந்தது. மனை விலை ஏறிக்கிட்டே போகும், கட்டடம் வருஷா வருஷம் தேஞ்சுக்கிட்டே போகும். பேங்க்ல இருந்து சொத்துக்கு மதிப்பு போட வர்ற வேல்யுவர் இந்தத் தேய்மானத்தை எப்படிப் போடுவார்னா, நல்ல கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருஷம் ஆயுசுன்னு வெச்சுக்கிட்டு, கடைசியில 10 சதவீதம் மிச்ச மதிப்பு நிக்கும்னு எடுத்துக்கிட்டு, மீதி 90 சதவீதத்தை 60 வருஷத்துக்குப் பிரிச்சுடுவார், அப்படின்னா வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் கழியும். ஒரு உதாரணம் போடறேன், நம்பர் எல்லாம் கணக்கு புரியறதுக்காக வெச்சதுதான். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, அதுல 1,200 சதுர அடி வீடு, வயசு 20. இன்னைக்கு அதே வீட்டைப் புதுசா கட்ட சதுர அடிக்கு 2,000 ஆகும்னு வெச்சா 24 லட்சம், 20 வருஷத்துக்கு 30 சதவீதம் கழிச்சா 16 லட்சத்து 80 ஆயிரம். மனை சதுர அடி 6,000ன்னா 1 கோடியே 44 லட்சம். மொத்தம் 1 கோடியே 60 லட்சத்து 80 ஆயிரம். இதுல கட்டடத்தோட பங்கு எவ்வளவுன்னு பாருங்க, பத்துல ஒரு பங்குதான். நீங்க ரெனோவேஷன்னு சொல்லி எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பத்துல ஒரு பங்குக்குள்ளதான் விளையாடுறீங்க.

அதோட வாங்கறவர் யாருங்கறது ரொம்ப முக்கியம். மேற்கு மாம்பலம், தி.நகர், அடையார் மாதிரி ஏரியாவுல ஒரு கிரவுண்டு, ரெண்டு கிரவுண்டுல 40 வருஷ வீடு இருந்தா அதை வாங்க வர்றது பெரும்பாலும் பில்டர், இல்லன்னா இடிச்சுட்டுப் புதுசா கட்ட நினைக்கறவர். அவருக்கு உங்க புது டைல்ஸ் எல்லாம் கணக்குலயே வராது. ரோடு எவ்வளவு அகலம், மனையோட முகப்பு எத்தனை அடி, எத்தனை பிளாட் போட முடியும், பட்டா சுத்தமா இருக்கா, இதை மட்டும்தான் பார்ப்பார். பழைய தேக்கு நிலை, கதவு, ஜன்னல், கம்பி இதுக்குக்கூட இடிக்கற கான்ட்ராக்டர் தனியா விலை பேசுவார், நீங்க போன மாசம் அடிச்ச பெயின்ட்டுக்கு ஒருத்தரும் பேச மாட்டாங்க. அப்படிப்பட்ட வீட்டுல ரெனோவேஷன் பண்ணா போட்ட காசு அப்படியே போச்சு. வில்லங்கம் பார்த்து, பட்டா பேர் மாத்தி, வாரிசுப் பிரச்சினை இருந்தா தீர்த்து, மனையை அளந்து எல்லையைக் காட்டினா போதும், விலையைத் தூக்கறது அதுதான்.

சரி, இடிக்கப் போறவர் இல்ல, குடும்பத்தோட குடிவர்றவர்தான் வாங்குவார்ங்கற மாதிரி ஏரியான்னா ரெனோவேஷனுக்கு மதிப்பு உண்டு. குரோம்பேட்டை, மடிப்பாக்கம், அம்பத்தூர் பக்கம் 15, 20 வருஷ வீடுகள் நிறைய இப்படிக் கை மாறுது.

சென்னையில தனி வீட்டுக்கு ஒரு வேலை நிஜமாவே விலையில தெரியும், அது தரை மட்டம். ரோடு போடறப்ப எல்லாம் பழசைச் சுரண்டாம மேல மேல போட்டதுல நிறைய தெருவுல வீடு பள்ளத்துல போயிடுச்சு, மழை வந்தா வாசல்ல இருந்து தண்ணி உள்ள இறங்கும். வீட்டை ஜாக்கி வெச்சுத் தூக்கி மூணு நாலு அடி உசத்தறாங்க இல்லையா, அது செலவுதான், ஆனா 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி பார்த்த தெருவுல வாங்க வர்றவர் முதல்ல கேக்கற கேள்விக்கு அதுதான் பதில். 2023 மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் "அப்ப எவ்வளவு தண்ணி ஏறுச்சு"ன்னு கேக்காம யாரும் விலை பேசறதில்ல. இதை மறைக்கவும் முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடுவார்.

இப்ப பிளாட்டுக்கு வருவோம், பெரும்பாலானவங்க கேக்கறது இதைத்தான்.

பிளாட்ல மனை உங்க பேர்ல முழுசா இல்ல, யூடிஎஸ்னு மனையில பிரிக்காத ஒரு பங்கு மட்டும். பத்திரத்துல எத்தனை சதுர அடி யூடிஎஸ்னு முதல்ல எடுத்துப் பாருங்க, ஒரே சைஸ் பிளாட்டுக்கு ஒரு பில்டிங்ல 300 இருக்கும், இன்னொண்ணுல 500 இருக்கும், வயசாக வயசாக விலையைத் தாங்கறது இதுதான். கட்டடம் 35, 40 வருஷத்தைத் தாண்டினா பேச்சு ரீடெவலப்மென்ட் பக்கம் போயிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022ல, மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டா மறுபடி கட்டலாம்னு வந்துடுச்சு, அதனால அந்த மாதிரி பில்டிங்ல வாங்கறவர் உள்ள இருக்கற வார்ட்ரோபைப் பார்த்து விலை சொல்ல மாட்டார், யூடிஎஸைப் பார்த்துத்தான் சொல்வார். ரெனோவேஷன் கணக்கு போடறது 10ல இருந்து 25 வருஷம் வரைக்கும் இருக்கற பிளாட்டுக்குத்தான் பொருந்தும்னு வெச்சுக்கோங்க.

விலையைப் பிடிக்கறதுக்கு மூணு நாலு ஒத்த பிளாட் வேணும். இதுதான் இந்த வேலையிலயே கஷ்டமான இடம், ஏன்னா நம்ம ஊர்ல உண்மையா கைமாறுன விலை எங்கயும் தெளிவா எழுதி வெக்கப்படறதில்ல. ஆன்லைன்ல போட்டிருக்கறது எல்லாம் கேக்கற விலை, அதுல எவ்வளவு குறைஞ்சு முடிஞ்சதுன்னு அங்க இருக்காது. ஆறு மாசமா அதே போட்டோவோட அதே விலை நின்னுக்கிட்டு இருந்தா அந்த விலைக்கு ஆள் இல்லன்னு அர்த்தம், அதை நம்பி உங்க விலையைப் போடாதீங்க. அரசாங்கத்தோட வழிகாட்டி மதிப்பு இருக்கு, தெரு வாரியா பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல பார்க்கலாம், ஆனா அது பத்திரச் செலவு கணக்கு போடறதுக்கு, சந்தை விலை அதைவிட மேல இருக்கும், சில இடத்துல கீழகூட இருக்கும்.

அதே தளத்துல வில்லங்கச் சான்றை ஆன்லைன்ல இலவசமா பார்க்கலாம் இல்லையா, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. உங்க சர்வே நம்பருக்கு கடைசி ரெண்டு வருஷம் போட்டுப் பார்த்தா பக்கத்துல நடந்த கிரயம் எல்லாம் வரும், ஒவ்வொண்ணுக்கும் கைமாற்றுத் தொகைன்னு ஒரு நம்பர் இருக்கும். பல பத்திரத்துல அந்தத் தொகை வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிக்கும், அதை அப்படியே விலைன்னு எடுத்துக்க முடியாது. ஆனா கிரயப் பத்திரத்துக்கு அடுத்தபடியா, அதே நாள்லயோ ரெண்டு நாள் தள்ளியோ, ஒரு பேங்க் பேர்ல உரிமை ஆவணங்களை ஒப்படைச்ச பதிவு ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இருந்தா வாங்கினவர் ஹோம் லோன் எடுத்திருக்கார். லோன் எடுக்கறவர் பத்திரத்துல விலையைக் குறைச்சுக் காட்டினா லோனும் குறையும், அதனால அவங்க பத்திரத் தொகை உண்மைக்குக் கிட்டத்துல இருக்கும். அந்த மாதிரி பதிவு ரெண்டு மூணு கிடைச்சாலே பெரிய விஷயம். அதை வெச்சுக்கிட்டு ஏரியாவுல ரெண்டு புரோக்கர்கிட்ட, "இந்த பில்டிங்ல ரெண்டாவது மாடி முடிஞ்சதே, உள்ள வேலை பார்த்ததா பழசா"ன்னு கேளுங்க, ஒருத்தர்கிட்ட மட்டும் கேக்காதீங்க. அசோசியேஷன் செக்ரட்டரிக்கும் வாட்ச்மேனுக்கும் தெரியாத விலை கிடையாது.

ஒத்த பிளாட்னு எடுக்கறப்ப சதுர அடி எதைச் சொல்றாங்கன்னு கவனிக்கணும். ஒருத்தர் 900ன்னு சொல்றது படிக்கட்டு, லாபி எல்லாம் சேர்த்த சூப்பர் பில்டப், இன்னொருத்தர் 900ன்னு சொல்றது உள்ள நடக்கற இடமா இருக்கும், இதுல குழப்பினா சதுர அடி ரேட்டே தப்பா வந்துடும். பால்கனியை கிரில் போட்டு ரூம் ஆக்கினதை ஏரியாவுல சேர்க்கக் கூடாது, வேல்யுவர் பத்திரமும் அப்ரூவ்டு பிளானும் பார்த்துத்தான் எழுதுவார்.

இப்ப ஒரு முழுக் கணக்கு. மடிப்பாக்கத்துல ஒரு பிளாட்னு வெச்சுக்கோங்க, நம்பர் எல்லாம் நான் உதாரணத்துக்குப் போடறது, உங்க தெருவுக்கு நீங்கதான் நிஜ நம்பரைப் போட்டுக்கணும். 900 சதுர அடி, ரெண்டு பெட்ரூம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, ஓபன் கார் பார்க்கிங், வயசு 20. உள்ள எதுவும் தொடாம அப்படியே இருக்கு.

முதல்ல இப்ப இருக்கற நிலைமையில விலை. இதே பில்டிங்ல முதல் மாடியில தொடாத பிளாட் 49 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடிஞ்சிருக்கு, நம்மது லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடி, அதுக்கு ஒரு 50 ஆயிரம் கழிச்சா 49 லட்சம்.

அடுத்தது வேலை முடிஞ்சப்புறம் விலை. அடுத்த தெருவுல சரி பண்ண பிளாட் 59 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் போயிருக்கு, சைஸ் அதே 900, ஆனா அங்க லிஃப்ட் இருக்கு, கவர்டு பார்க்கிங் இருக்கு. புரோக்கருங்க ரெண்டுக்கும் தலா 2 லட்சம்னு சொல்றாங்க, 4 லட்சத்தைக் கழிச்சா 55 லட்சத்து 40 ஆயிரம். அதே தெருவுல இன்னொண்ணு, 880 சதுர அடி, சரி பண்ணது, மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, 53 லட்சத்துக்கு முடிஞ்சிருக்கு. அதோட சதுர அடி ரேட்டை 900ஆல பெருக்கினா 54 லட்சத்து 20 ஆயிரம், நம்மது ஒரு மாடி கீழ இருக்கறதால 1 லட்சம் சேர்த்தா 55 லட்சத்து 20 ஆயிரம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்குது, அதனால 55 லட்சம்னு வெச்சுக்கலாம். இப்படி ரெண்டு மூணு வழியில போட்டும் பக்கத்துல பக்கத்துல வந்தாத்தான் அந்த நம்பரை நம்பலாம், ஒண்ணு 52ம் இன்னொண்ணு 60ம் வந்தா ஒத்த பிளாட்டைத் தப்பா எடுத்திருக்கோம்னு அர்த்தம்.

ஆக வித்தியாசம் 6 லட்சம். கூட்டிக் கழிச்சுப் பார்த்தாலும் அவ்வளவுதான்.

இப்ப மேஸ்திரியும் இன்டீரியர்காரரும் சேர்ந்து குடுத்த எஸ்டிமேட்டைப் பாருங்க. மாடுலர் கிச்சன் 2.75 லட்சம், ரெண்டு பாத்ரூமும் உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி புது டைல்ஸ் 2.5 லட்சம், மொசைக் தரைக்கு மேல விட்ரிஃபைடு டைல்ஸ் 1.5 லட்சம், வயரிங் மாத்த 75 ஆயிரம், பெயின்ட்டிங் 75 ஆயிரம், ஃபால்ஸ் சீலிங்கும் டிவி யூனிட்டும் 75 ஆயிரம். மொத்தம் 9 லட்சம். 9 லட்சம் போட்டா 6 லட்சம் ஏறுது, 3 லட்சம் கையை விட்டுப் போகுது, அது போக வேலை நடக்கற ரெண்டு மூணு மாசம் வாடகையும் வராது.

இதையே பிடிச்சுக் குறைச்சா? பாத்ரூம், வயரிங், பெயின்ட்டிங் மூணையும் எஸ்டிமேட்ல இருக்கற மாதிரியே பண்றோம், அது 4 லட்சம். மொசைக்கை உடைக்காம பாலிஷ் மட்டும் போட்டா ஒரு 20 ஆயிரம், நல்லா போட்ட பழைய மொசைக் பாலிஷ் பண்ணா கண்ணாடி மாதிரி வரும், அதை விரும்பி வாங்கறவங்களும் இருக்காங்க. கிச்சன்ல மாடுலர் வேண்டாம், இருக்கற கிரானைட் மேடையை வெச்சுக்கிட்டு கீழ ஷட்டர் போட்டு புது சிங்க் வெச்சா 60 ஆயிரம். மொத்தம் 4 லட்சத்து 80 ஆயிரம். விலை 55 வராது, 54 வரும்னு வெச்சுக்கோங்க, ஏற்றம் 5 லட்சம். போட்டது வந்துடுச்சு, பெருசா லாபம் இல்ல.

அப்ப எதுக்கு ரெனோவேஷன்னு கேட்டா, வாங்கறவங்க எண்ணிக்கை கூடும், சீக்கிரம் போகும், பேரம் குறையும். இது சின்ன விஷயம் இல்ல. ஒழுகற பாத்ரூமோட எட்டு மாசம் விக்காம நின்னு கடைசியில 49ல இருந்து 46க்கு இறங்கறதைத் தடுக்குதுன்னா அந்தச் செலவு தப்பே இல்ல. லாபம் பார்க்கறதுக்குன்னு பண்ணாதீங்க, நஷ்டத்தைத் தடுக்கப் பண்ணுங்கன்னுதான் நான் கேக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றது.

எந்த வேலை விலையில தெரியும், எது தெரியாதுன்னு தெரிஞ்சுக்க, விவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் வீடு பார்க்க வர்றப்ப எங்கெல்லாம் பார்க்கறார்னு கவனிச்சா போதும். ஹாலை ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு நேரா பாத்ரூமுக்குப் போவார், அங்க தரையைப் பார்க்க மாட்டார், தலையைத் தூக்கி சீலிங்கைப் பார்ப்பார், மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகினா அங்கதான் மஞ்சள் வட்டமா தெரியும். அப்புறம் பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கற பெட்ரூம் சுவர்ல, கட்டில் மறைச்ச இடத்துல, கையை வெச்சுப் பார்ப்பார், ஓதம் ஏறியிருந்தா பெயின்ட் உப்பி மாவு மாதிரி உதிரும். ஜன்னலுக்கு மேல சன்ஷேடுக்கு அடியில பூச்சு பெயர்ந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுதான்னு வெளிய எட்டிப் பார்ப்பார், உப்புத் தண்ணியில கட்டின பழைய பில்டிங்ல இது ரொம்ப சகஜம். ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பார், ஏசிக்குத் தனி லைன் இருக்கான்னு கேப்பார். டேப்பைத் திறந்து தண்ணியை வாயில வெச்சுப் பார்க்கறவங்ககூட இருக்காங்க, மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் இருக்கா, போர் தண்ணி உப்பான்னு தெரியணும்ல. கடைசியா மொட்டை மாடி. ஆக ஒழுகல், ஓதம், கம்பி துரு, வயரிங், தண்ணி, இந்த அஞ்சும் சரியா இருந்தா விலையைக் குறைக்க அவருக்குக் காரணம் கிடைக்காது. ஃபால்ஸ் சீலிங் இருந்தா சில பேர் சந்தேகம்தான் படுவாங்க, ஒழுகலை மறைச்சிருக்காங்களோன்னு. ஓதத்து மேல சும்மா பெயின்ட் அடிச்சு விக்கறது வேண்டாம், அடுத்த மழைக்கே வெளிய வந்துடும், வாங்கினவரும் நம்மள மாதிரி சேர்த்து வெச்ச காசைப் போட்டவர்தான்.

மொட்டை மாடி ஒழுகலும் வெளிப்பக்க கம்பித் துருவும் உங்க பிளாட்டுக்குள்ள செலவு பண்ணித் தீராது, அது அசோசியேஷன் பண்ண வேண்டிய வேலை. நீங்க உள்ள 9 லட்சம் போட்டிருந்தாலும் படிக்கட்டுல வெளிச்சம் இல்லாம, பாதி போஸ்ட் பாக்ஸ் உடைஞ்சு, சம்ப்பு மூடி இல்லாம இருந்தா வர்றவர் உங்க கதவு திறக்கறதுக்கு முன்னாடியே விலையைக் குறைச்சிருப்பார். எல்லா வீட்டுக்கும் பிரிச்சு வெளிப்பக்கம் பெயின்ட் அடிச்சு மோட்டார், மாடி எல்லாம் சரி பண்ண ஆளுக்கு 40, 50 ஆயிரம் ஆனாலும் அதுதான் போட்ட காசுக்கு அதிகமா திருப்பிக் குடுக்கற செலவுன்னு நான் நினைக்கறேன். பண்ண வெக்கறதுதான் கஷ்டம்.

பெருசா ரூம் சேர்க்கறது, தனி வீட்டுல மேல மாடி எடுக்கறது, இதெல்லாம் வேற கதை. அனுமதி இல்லாம எடுத்த மாடிக்கு வாங்கறவர் ஆசைப்பட்டாலும் பேங்க் வேல்யுவர் மதிப்பு போட மாட்டார், பிளான்ல இல்லன்னா அந்த ஏரியா கணக்குலயே வராது. இப்ப 2,500 சதுர அடி வரைக்கும் மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட 2024 ஜூலையில இருந்து ஆன்லைன்ல சுயசான்று முறையில அனுமதி குடுக்கறாங்க, அதனால பேப்பரை முதல்ல வாங்கிட்டு செங்கல் வாங்குங்க.

இந்த வேல்யுவர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா உங்க விலையைக் கடைசியா முடிவு பண்றது பல நேரம் அவர் எழுதற நம்பர்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி ஹோம் லோன் 30 லட்சத்துல இருந்து 75 லட்சம் வரைக்கும்னா சொத்து மதிப்புல 80 சதவீதம்தான் அதிகபட்சம் குடுக்கலாம். நீங்க 55 லட்சம் சொல்லி வாங்கறவரும் ஒத்துக்கிட்டார், வேல்யுவர் வந்து பார்த்துட்டு மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் எதையும் பெருசா எடுத்துக்காம 51 லட்சம்னு எழுதிட்டார்னு வெச்சுக்கோங்க. லோன் 40 லட்சத்து 80 ஆயிரம். மீதி 14 லட்சத்து 20 ஆயிரம் அவர் கையில இருந்து போடணும். மேல பத்திரச் செலவு இருக்கு, தமிழ்நாட்டுல ரீசேல் சொத்துக்கு முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம், 55 லட்சத்துக்கு 4 லட்சத்து 95 ஆயிரம். கையில 19 லட்சத்துக்கு மேல ரொக்கமா இருக்கறவராலதான் உங்க வீட்டை வாங்க முடியும். அந்த ஏரியாவுல அந்த பட்ஜெட்ல வர்றவங்க யாரு, சம்பளக்காரங்க, அவங்ககிட்ட அவ்வளவு இருக்குமா? பல டீல் கடைசி நேரத்துல உடையறது இந்த இடத்துலதான். அதனால முடிஞ்சா விக்கறதுக்கு முன்னாடியே பேங்க் பேனல்ல இருக்கற ஒரு வேல்யுவரைக் கூப்பிட்டு சொந்தச் செலவுல ஒரு ரிப்போர்ட் வாங்கிடுங்க, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது, "இதை எல்லாம் பண்ணா நீங்க எதுக்கு மதிப்பு போடுவீங்க"ன்னு நேராவே கேக்கலாம், பெரும்பாலானவங்க சொல்வாங்க.

பழைய பிளாட்டா வாங்கி சரி பண்ணி வித்து லாபம் பார்க்கலாமான்னும் நிறைய பேர் கேக்கறாங்க, யூடியூப்ல அமெரிக்க வீடியோ பார்த்துட்டு. அங்க அவங்க வெச்சிருக்கற கணக்கு, வேலை முடிஞ்சப்புறம் விலையில 70 சதவீதம் எடுத்து அதுல ரிப்பேர் செலவைக் கழிச்சா வர்றதுக்கு மேல குடுத்து வாங்கக் கூடாதுங்கறது. நம்ம உதாரணத்துல சின்ன ரெனோவேஷன் பண்ணா 54 லட்சம்னு சொன்னோம், அதுல 70 சதவீதம் 37 லட்சத்து 80 ஆயிரம், 4 லட்சத்து 80 ஆயிரத்தைக் கழிச்சா 33 லட்சம். 49 லட்சத்துக்குப் போற பிளாட்டை 33க்கு யார் தருவா? இங்க மதிப்புல பெரும்பங்கு மண்ணுல இருக்கு, அதனால பாழடைஞ்ச வீடுகூட பாதி விலைக்கு வராது, அதோட வாங்கறப்ப 9 சதவீதம் பத்திரத்துக்கே போயிடும், 24 மாசத்துக்குள்ள வித்தா லாபம் குறுகிய கால ஆதாயம் ஆகி உங்க வருமான ஸ்லாப்ல வரி விழும். வங்கி ஏலம், அண்ணன் தம்பி அவசர விற்பனை மாதிரி இடத்துல வேணா சில பேருக்கு அமையலாம், அதை நம்பி தொழிலா இறங்காதீங்க.

வரின்னு வந்ததால அதையும் முடிச்சுடறேன். 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா நீண்ட கால ஆதாயம். 2024 ஜூலை 23ல இருந்து விக்கறதுக்கு 12.5 சதவீதம், இண்டெக்சேஷன், அதாவது வாங்கின விலையை விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக் காட்டறது, கிடையாது, ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடியே வாங்கின வீடுன்னா இந்தியாவுல குடியிருக்கற தனிநபர் பழைய முறைப்படி இண்டெக்சேஷனோட 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது கம்மியோ அதைக் கட்டலாம். இதுல ரெனோவேஷன் செலவு உள்ள வரும், மேம்பாட்டுச் செலவுன்னு லாபத்துல இருந்து கழிக்கலாம், ஆனா வீட்டை நிரந்தரமா மேம்படுத்தற வேலையா இருக்கணும், ரூம் சேர்த்தது, தரை மாத்தினது மாதிரி. வருஷா வருஷம் அடிக்கற பெயின்ட்டும் சில்லறை ரிப்பேரும் பொதுவா வராது, சோஃபா, ஃப்ரிட்ஜ், கழட்டி எடுத்துட்டுப் போற எதுவும் வராது, 2001 ஏப்ரலுக்கு முன்னாடி பண்ண வேலையும் வராது. மேஸ்திரிக்கு வாரா வாரம் சனிக்கிழமை கையில பணமா குடுத்துட்டா பின்னாடி காட்ட ஒண்ணும் இருக்காது, அதனால முடிஞ்ச வரைக்கும் பேங்க் வழியா அனுப்புங்க, டைல்ஸ் கடை, எலக்ட்ரிக் கடை பில் எல்லாத்தையும் உங்க பேர்ல, அந்த வீட்டு அட்ரஸ் போட்டு வாங்குங்க. தெர்மல் பேப்பர் பில் ரெண்டு வருஷத்துல வெள்ளையா போயிடும், வாங்கின அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து தாய்ப்பத்திரம் இருக்கற ஃபைல்லயே போட்டு வெச்சிடுங்க, வித்த வருஷம் ஆடிட்டர் முதல்ல கேக்கறது அதைத்தான்.